சரளைக் குவாரிக்குப் பின்னால் ஒரு கொம்பன்

ஞாயிறு மாலை

அன்புள்ள லைலுக்கு,

நான் நலம். முழங்கை எல்லாம் முள் கீறி, உதடு வெடித்து, மூக்கு நுனி தோல் உரிந்து, ரொம்ப நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொல்கிறாள். போனை எடுத்தால் நீயே சொல்லலாம். எடுக்காதவனுக்குக் கடிதம்தான் எழுத முடியும். இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தால் இரண்டாவது பக்கம் வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. அங்கே கொம்பன் வருகிறான்.

முதலில் வீட்டுச் செய்திகள். கொட்டகைக் கூரையில் நீ விட்ட இடத்திலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஏணியை நான் வெட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். நல்ல ஏணி, நன்றாக எரிந்தது. நாய் இன்னும் நீ உள்ளே வரும் கதவருகேதான் படுக்கிறது. குளிருக்கு விறகு இருக்கிறது.

இந்த வருஷம் வில்லைத் தொடவே கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு நீ உன் வில்லை விற்றுவிடும்படி உன் தங்கையிடம் சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். ரொண்டா அழுதுகொண்டே வந்து சொன்னாள். அன்று சாயங்காலமே நான் என் வில்லை எடுத்து வைக்கோல் கட்டில் எய்து பார்க்க ஆரம்பித்தேன். உன் வில் ஆணியில் அப்படியே தொங்குகிறது. விலை கேட்டு வந்தவனிடம், அது விற்பனைக்கு இல்லை, அதன் சொந்தக்காரர் கொஞ்சம் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முதல் நாள் நம் ஓடைப் பாதைக்குத்தான் போனேன். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை, லைல்! கூடாரமாம், குதிரை வண்டியாம், மினசோட்டா, டெக்சஸ் நம்பர் பலகைகளாம். ஊர்த் திருவிழா தோற்றது. ஒருவன் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். அந்த வாசனைக்கே மலையில் இருக்கும் எல்க் மான்கள் எல்லாம் கனடாப் பக்கம் போயிருக்கும். இருந்தும் வந்ததற்கு மேலே ஏறினேன்.

மேலே இரண்டாவது முகட்டில் ஒரு கொம்பன், ஆண் எல்க், கூவினான். இன்னும் இணை தேடும் மதம் முற்றாத பருவம், அதனால் ஒரு கூவல் கேட்டாலே பெரிய விஷயம். நான் உடனே பெட்டைக் குரலில் பதில் கொடுத்தேன். அவன் மறுபடி கூவினான். நான் நகர்ந்தேன், அவனும் நகர்ந்தான். புதர்புதராக ஊர்ந்து, அம்பை நாணில் பூட்டிக்கொண்டு ஒரு பாறையைச் சுற்றி எட்டிப் பார்த்தால், எதிரே இலைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர், கையில் ஊதுகுழலோடு, என்னைப் போலவே எட்டிப் பார்க்கிறார்.

அவர்தான் முதலில் பேசினார். "ஏம்மா, அந்தப் பெட்டை நீங்கதானா?"

"ஆமா. கொம்பன் நீங்களா?"

"ஒஹாயோலேர்ந்து ரெண்டு நாள் வண்டி ஓட்டிட்டு வந்தேம்மா. இன்னைக்குக் காலைலேர்ந்து நான் கூப்பிட்டு வந்த மூணாவது ஆள் நீங்க."

சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு வலித்துவிட்டது. அந்த மனிதர் பாவம், எனக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தார். ஜூன் மாதம் நீ கூரையிலிருந்து விழுந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன், பின்னால் யாரும் இல்லை. சரி, அதை விடு.

மதியம் மனம் வெறுத்து வண்டியைத் திருப்பினேன். பசி. ஊருக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில் சாலைத் துறையின் பழைய சரளைக் குவாரி இருக்கிறதே, கைவிட்டுப் போன இடம், வண்டிக்காரர்கள் ஒன்றுக்குப் போக நிறுத்துகிற இடம், அங்கே நிழலில் நிறுத்தி ரொட்டியைப் பிரித்தேன். ஒரு மர லாரி இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சல் அடங்கியதும் குவாரிக்குப் பின்னால் இருக்கும் கறுத்த காட்டிலிருந்து ஒரு கூவல்!

ஒஹாயோக்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எந்த ரப்பர் ஊதலிலும் அப்படி ஒரு குரல் வராது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உச்சிக்குப் போய்க் கீச்சென்று உடைந்து, கடைசியில் கிழவன் இருமுவதுபோல் நாலு உறுமல். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். சாலையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான், லைல்! எத்தனை வருஷம் அந்த இடத்தைத் தாண்டி இருட்டோடு இருட்டாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறோம்! நாம் மட்டுமா, ஊரே தாண்டிப் போகிறது. மேலே கூட்டம் ஏற ஏற, அவன் தன் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் வந்து சுகமாக உட்கார்ந்திருக்கிறான். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அரசுக் காடுதான், வேட்டைக்குத் தடை இல்லை.

உடனே ஓடத்தான் கால் துடித்தது. காற்றின் போக்கைப் பார்க்க வைத்திருக்கும் மாவுக் குப்பியை அழுத்திப் பார்த்தேன். மாவு புகைபோல் எழும்பி, மெதுவாக, நேரே அவன் இருக்கும் சரிவுக்கு மேலே ஏறியது. வெயில் ஏறினால் காற்றும் ஏறும், என் வாடையைக் கொண்டுபோய் அவன் மூக்கில் வைத்துவிடும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும்போதுதான் போக முடியும். நீ இருந்திருந்தால் என் காலரைப் பிடித்து இழுத்திருப்பாய். என் காலரை நானே பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் இரண்டு பையன்கள் ஒரு வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். வில்லைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றார்கள். அந்த நேரம் பார்த்து அவன் மறுபடி கூவிவிடப் போகிறானே என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. வண்டி சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று நிறுத்தியிருக்கிறேன் என்றேன். அவர்கள் நல்ல பிள்ளைகள். தண்ணீர் ஊற்றித் தருகிறோம் என்று இறங்கியே விட்டார்கள்! ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, ஓடைப் பாதையில் விடாமல் கூவிக்கொண்டிருக்கிறது, ஒஹாயோக்காரர் ஒருவர் பின்னாலேயே அலைகிறார், சீக்கிரம் போங்கள் என்று அனுப்பிவைத்தேன். பொய் இல்லையே.

மறுநாள் விடியலில் போனேன். குவாரிக்குப் பக்கவாட்டில் மரக் கம்பெனி போட்ட பழைய பாதை ஒன்று காட்டுக்குள் போகிறது. புல் மண்டியிருக்கிறது, ஆனால் மேசைபோல் சமமாக இருக்கிறது. அதன் முடிவில் ஒரு ஊற்று, ஊற்றைச் சுற்றிச் சேற்றுக் குழி. அவன் புரண்ட சேறு அப்போதுதான் கலங்கியிருந்தது. சுற்றிலும் சின்ன மரங்களைக் கொம்பால் தேய்த்துப் பட்டை உரித்து வைத்திருந்தான். அந்த மூத்திர நாற்றம், லைல்! உனக்கு ஒரு புட்டியில் பிடித்து அனுப்பலாமா என்று யோசித்தேன். நர்ஸ் கோபித்துக்கொள்வாள்.

காற்று என் முகத்தில் இறங்கியது. பெட்டைக் குரல் கொடுத்தேன். கிளைகள் முறிகிற சத்தத்தோடு வந்தான். மரங்களுக்கு நடுவே முதலில் கொம்பு மட்டும் நகர்ந்து வந்தது, பிறகு கழுத்து, கறுப்பாக, சேறு சொட்ட. எழுபது கஜத்தில் நின்றான். நின்றவன் நின்றவன்தான். குரல் வந்த இடத்தை, அதாவது என்னை, என் புதரை, வெறித்துப் பார்த்தான். பெட்டை அங்கே இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே? தெரியவில்லை. எப்போதும்போல் நீ கூப்பிடும் குரல் எனக்குப் பின்னால், தள்ளி இருந்திருந்தால், அவன் அந்தக் குரலைத் தேடி என்னைத் தாண்டி நடந்திருப்பான். என் பக்கமாகவே நடந்திருப்பான். நான் எய்வதும் கூப்பிடுவதும் ஒரே இடத்திலிருந்து செய்தால் எப்படி வருவான்? ஒரு முறை மூச்சு விட்டான், அதன் ஆவியைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டான்.

வியாழன்

கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கேள்.

ரொண்டாவை அழைத்துப் போனேன்! உன் தங்கை, முடி திருத்தும் கடைக்காரி, நாலு வகை சென்ட் போடாமல் வாசலைத் தாண்டாதவள். வாசனை இல்லாத சோப்பில் குளிக்க வைத்தேன். "என்னை நானே யாரோன்னு நெனச்சுக்கிறேன் மார்லிஸ், என் மேல ஒண்ணுமே மணக்கலை," என்று புலம்பிக்கொண்டே வந்தாள். வாய்க்குள் அடக்கும் அந்த ரப்பர் ஊதலை வைத்து இரண்டு நாள் என் சமையலறையில் பழகினாள். ஆஸ்துமா வந்த ஆடு மாதிரி கத்தினாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

பழைய பாதையிலேயே அவளை உட்கார வைத்துவிட்டு, நான் அறுபது கஜம் முன்னால் போய் ஊற்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் கத்தினாள். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவன் பதில் சொன்னான், லைல்! அந்தக் குரலுக்கே பதில் சொன்னான்! மூன்று நாளில் மதம் ஏறிவிட்டது அவனுக்கு. ஓடி வந்தான். நிலம் அதிர்வது என் முழங்காலில் தெரிந்தது. எழுபதில் நிற்கவில்லை, ஐம்பதில் நிற்கவில்லை. இருபத்தைந்து கஜத்தில், எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு புல்கூட இல்லாத இடத்தில் நின்று, தலையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே கூவினான். இடப்பக்கக் கொம்பில் ஒரு கிளை முறிந்திருக்கிறது. வாயோரத்தில் நுரை. நான் நாணை இழுத்துப் பிடித்துவிட்டேன். நெஞ்சை நேராகக் காட்டிக்கொண்டு நிற்கிறான், அம்பு எலும்பில் பட்டுவிடும், எய்யக்கூடாது. ஓரடி எடுத்து வைத்துப் பக்கம் காட்டினால் போதும். காலைத் தூக்கினான்.

அப்போது பின்னால் ரொண்டாவுக்கு ஊதல் தொண்டையில் இறங்கிவிட்டது.

அவள் இருமிய இருமலை மனிதர் இருமி நீ கேட்டிருக்க மாட்டாய். கொம்பன் காலைக் கீழே வைத்தான். அவளிருந்த திசையை ஒரு பார்வை பார்த்தான். அருவருத்துக்கொண்டு திரும்புகிற மாதிரி திரும்பி, ஓடாமல், நடந்தே போனான். வாடை பிடிக்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. பயப்படாமல்தான் போனான். அது முக்கியம், கவனித்துக்கொள்.

நான் வில்லைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊதலைத் துப்பிவிட்டிருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது கத்தினப்போ என் பல்லு ஆடுச்சுடீ. செத்தேன்னு நெனச்சேன். இதையா இத்தனை வருஷமா நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வந்தீங்க?" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "இதை விட்டுட்டு அங்க செவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கானே, என் அண்ணன் மாதிரி ஒரு முட்டாள் உண்டா?"



வருகிற வழியில் அந்தப் பாதையில் குறுக்கே கிடந்த கட்டைகளை நாங்கள் இரண்டு பேரும் உருட்டி ஓரமாகப் போட்டோம். கற்களைப் பொறுக்கினோம். முகத்தில் அடிக்கும் கிளைகளை வெட்டினோம். குவாரியிலிருந்து ரொண்டா உட்கார்ந்த இடம் வரைக்கும் இப்போது ஒரு மேடு பள்ளம் கிடையாது. கொட்டகையில் இருந்த கை வண்டியைக் கொண்டுபோய், மாவு மூட்டையை ஏற்றித் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சுகமாகப் போகிறது.

டாக்டரிடம் பேசினேன். சக்கர நாற்காலியில் அரை நாள் சேர்ந்தாற்போல் உட்காரப் பழகிவிட்டால், இந்த மாதக் கடைசியில் வார விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். நாற்காலியை அறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று நீ சொல்கிறாயாம். மாதக் கடைசியில்தான் எல்க்குக்கு முழு மதமும் ஏறும், கூட்டமும் விடுமுறை முடிந்து ஊர் திரும்பியிருக்கும். அவன் அங்கேதான் இருப்பான். இந்த இடம் எனக்கும் உனக்கும் உன் தங்கைக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. தயவுசெய்து அந்த நர்ஸிடம் உளறி வைக்காதே, அவள் புருஷனும் வில்லுக்காரன்.

என்னால் நடக்க முடியும், குறி பார்க்க முடியும், இருபத்தைந்து கஜத்தில் கை நடுங்காமல் பிடிக்கவும் முடியும், பார்த்துவிட்டேன். அவனை அந்தக் கடைசி ஓரடி எடுத்து வைக்கச் செய்கிற குரல் என்னிடம் இல்லை. ரொண்டாவிடம் சத்தியமாக இல்லை. அது உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை, லைல். நீ எப்போதும் உட்கார்ந்துதானே செய்தாய்?

அந்த நாற்காலியை உள்ளே கொண்டுவரச் சொல். இன்றைக்கே சொல். கடவுள் உன் முதுகுக்குப் பலம் கொடுக்கட்டும். நீ அதில் ஏறி உட்கார்ந்து, வந்து, எனக்குப் பின்னால் அறுபது கஜத்தில் இருந்துகொண்டு கத்து.

என்றும் உன்,
மார்லிஸ்