டின்னில் தூவிய மைதா

அன்புள்ள அண்ணி,

ரூபி ஊருக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கேக் மாவுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். கோதுமை இல்லை என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கிறது. பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோதுமையும் அரைக்கும் ஆலையில் தயாரானது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. “முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணா?” என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளில் இப்படி ஒரு வரியை யார் போட்டார்கள்? ரூபிக்கு ஐந்து வயது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கோதுமை இந்தக் குழந்தைக்கு ஆகாது, தூசிகூடப் படக்கூடாது என்று வேலூரில் டாக்டர் சொன்னார். சப்பாத்தியையும் ரொட்டியையும் நிறுத்துவது எளிது. தூள் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் பல மாதங்கள் ஆயின. திருப்பதியில் எங்கள் தெரு மாவு மில்லில் நான் எதிரே நின்று அரைத்த அரிசியிலும், முன்னால் போனவரின் கோதுமை ஒட்டிக்கொண்டு வந்தது. தெரியாமல் நுழைந்த ஒவ்வொரு முறையும் அவள் எடை இறங்கியது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சித்தூரில் உங்கள் வீட்டுக்கு வந்தோம். சபையில் பாதிப் பேர் உங்கள் கேக்குக்காகவே வருவார்கள். “உம் பொண்ணுக்குன்னு தனியா அரிசி மாவுல போட்டுகீறேன்” என்றீர்கள். எந்த மில் என்று கேட்டேன். உரலில் இடித்தது என்றீர்கள். சோடா உப்பு, முட்டை, வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“கான்வென்ட்டம்மா பரீட்சை வெக்கிறாங்கோ” என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

ரூபி துண்டைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

“கேக் சுட்ட டின்னுல என்ன தடவினீங்க அண்ணி?”

“வெண்ணெ.”

“அதுக்கு மேல?”

உங்கள் சிரிப்பு நின்றது. “ஒட்டாம வர்றதுக்குக் கொஞ்சூண்டு மைதா தூவினேன். எப்பவும் தூவறதுதானே?”

திராட்சையையும் மைதாவில் புரட்டித்தான் போட்டிருந்தீர்கள், அடியில் இறங்காமல் இருக்க. ரூபியின் கையிலிருந்து துண்டை வாங்கினேன். அவள் வீறிட்டு அழுதாள். “ஒரு துண்டுதானே, விடேன்” என்றார் ரூபியின் அப்பா, உங்கள் தம்பி. நான் விடவில்லை.

“நா இன்னா வெஷமா வெச்சிட்டேன்? இப்டிப் புடுங்கறா!” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு உள்ளே போனீர்கள். நாங்கள் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. பஸ்ஸில் ரூபி கேட்டாள், “அத்தைக்கு எம்மேலயா கோவம்?” என்று. என்மேல்தான் என்றேன். அந்தத் துண்டை இன்றைக்கானாலும் வாங்குவேன், அண்ணி. ஆனால் குழந்தைக்கு அத்தை இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம் வீடு வரை கூடவே வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். துணியில் சுற்றி, கேக்கோடு ஒரு புது டின் கையில். உள்ளே வரவில்லை.

“ம், கேளு.”

“முதல்ல உள்ள வாங்க அண்ணி.”

“கேட்டாத்தான் வருவேன்.”

“டின்?”

“புச்சு. மைதாவைக் கண்ணால பாத்ததே இல்ல. வெண்ணெ தடவி அரிசி மாவு தூவினேன்.”

“திராட்சை?”

“எதுலயும் பொரட்டலே. எல்லாம் அடியில போயி குந்திகினு கீது. துன்றவளுக்கு மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

“சக்கரையக் கேக்கலியே நீ? கடைக்காரன் மைதா அள்ளின கரண்டியாலயே அள்ளினான். வேணாம்னு சொல்லிட்டு, புது மூட்டையப் பிரிக்கச் சொல்லி நம்ம வீட்டுக் கிண்ணத்தால மொண்டுகினு வந்தேன்.”

அதை நான் கேட்டிருக்கமாட்டேன்.

ரூபி சாப்பிட்டாள். அடியில் கிடந்த திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். “போவட்டும்” என்றீர்கள். சாயங்கால பஸ்ஸும் போயிற்று. அவள் விளையாடும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய், “வவுறு எப்டிம்மா கீது?” என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் சபையில் ஈஸ்டர் ஆராதனை என்று நினைவூட்டினேன். “ஆண்டவருக்குத் தெரியும் நா எங்க கீறேன்னு” என்றீர்கள்.

மறுநாள் ரூபி எழுந்து, முகம்கூடக் கழுவாமல் இன்னொரு துண்டு கேட்டாள். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள். அதன் பிறகுதான் பையை எடுத்தீர்கள்.

கேள்வி கேட்பது எனக்கு முன்பே தெரியும். இருந்து பார்ப்பதுதான் உங்களிடமிருந்து வந்தது. இன்றும் யாருக்காவது ஒரு வாய் கொடுத்தால், கொடுத்த கையோடு எழுந்து வர என்னால் முடிவதில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடுகிறேன்.