இடப்பக்கக் காற்று

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட சட்டை பக்கத்து வீட்டு வேப்பமரத்தில். ஆனையூர் முழுக்கப் புழுதி.

கோவையிலிருந்து திரும்பும்போது மதுரையில் தென்மேற்குக் காற்று, இடப்பக்கமிருந்து. சரவணன் வழக்கம்போல, "நீயே எறக்கு மாப்ள." எங்கள் சின்ன வாடகை விமானத்தில் அவன் கேப்டன், நான் துணை விமானி. ஒன்றாகப் படித்தவர்கள். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிச் சாய்வாகவே வந்து, தரை தொடும் முன் வலது காலால் பெடலை மிதித்து நேராக்கி, இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி... இடது சக்கரம் முதலில். பரவாயில்லை. பின்னால் ஒரு பயணி "முருகா" என்றது கேட்டது.

ஆனால் காற்றடித்தால் ஏன் எப்போதும் நான்? எனக்குக் கேப்டன் பதவி பேச்சில் இருக்கிற நேரம். ஒரு டயர் வெடித்தால் போதும், கதை முடிந்தது. அதற்குத்தான் காத்திருக்கிறானோ.

துணி கிளிப் வாங்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

இன்று காற்று வலப்பக்கமிருந்து, பலமாக. என்னிடம்தான் தருவான் என்று தயாராக இருந்தேன். "நான் பாத்துக்கிறேன்" என்றான். அருமையாக இறக்கினான்.

வலப்பக்கக் காற்று அவனுக்கு, இடப்பக்கம் எனக்கா? என்ன கணக்கு இது?

வெளியே அவன் மனைவி ஸ்கூட்டரில் காத்திருந்தாள். "காரு என்னாச்சு மாப்ள?" என்றேன். "சர்வீஸ்ல கெடக்கு." போன மாதமும் இதே பதில். பொய்.

இரவு செல்வியிடம் புலம்பினேன். "அவரு உங்கள நம்பித் தாராருன்னு ஏன் நெனைக்க மாட்டேங்கிறீக?" என்றாள். பெண்டாட்டியே அவன் பக்கம்.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி விடுகிறேன்.

பயணி யாரும் இல்லாத ஓட்டம். இடப்பக்கக் காற்று. வேண்டுமென்றே, "கண்ணு எரியுது, இன்னைக்கு நீ எறக்கு" என்றேன். அவன் முகம் மாறியது.

தரைக்குச் சற்று மேலே, இடது இன்ஜினுக்கு மட்டும் பவரைக் கூட்டி மூக்கை வலப்பக்கம் தள்ளப் பார்த்தான். கால் செய்ய வேண்டிய வேலை அது. குனிந்து பார்த்தேன். வலது கால் பெடல்மேல் சும்மா கிடந்தது. விமானம் ஓடுபாதை ஓரத்துக்கு வழுக்கியது. "விடு!" என்று கத்திவிட்டுக் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. நான் மிதிக்க, அவன் காலும் தானாகக் கீழே போனது.

நிறுத்தியபின் கேட்டேன். "எம்புட்டு நாளாடா?"

"முதுகுல நரம்பு அமுங்கியிருக்காம். ரெண்டு மாசமா வலது காலு மரத்துப்போகுது, காருகூட ஓட்ட முடியல. வலப்பக்கக் காத்துக்கு இடது காலு போதும். இடப்பக்கம்னா நீ இருக்கேல்ல, அந்தத் தைரியம்தான்."

"இடது இன்ஜின் நின்னுபோனா?"

இடது நின்றால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் முழுப் பலத்தோடு மிதித்தால்தான் நேராக நிற்கும். நான் கைகொடுப்பதற்குள் கவிழ்ந்துவிடலாம். அவனுக்குத் தெரியாதா?

"சொன்னா பறக்க விடமாட்டாங்க மாப்ள. திரும்பக் கெடைக்குமோ என்னமோ." அழுதான். "திங்கக்கெழம சென்னை ட்ரிப்ப முடிச்சிட்டு நானே சொல்லிர்றேன்."

என்னை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று நினைத்தேனே. வெட்கம். ஆனால் கோபம்தான் அதிகம்.

ஜூலை 13, ஞாயிறு

திங்கட்கிழமை பறக்கக் கூடாது என்று சொல்ல அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை.

சிம்மக்கல் போனேன். லாரிகள் சரக்கு இறக்குகிற சந்தில் அவன் வீடு. "தூங்குறாக" என்றாள் மனைவி. உள்ளே கிரிக்கெட் சத்தம். அவளுக்கும் தெரியும் போல.

வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னேன். "நாளைக்கு நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்டா."

டிவி சத்தம் நின்றது. அவன் வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஜூலை 14, திங்கள்

சீக்கிரமே கிளம்பினேன். அவன் முந்திக்கொண்டு விமானத்தில் ஏறி உட்கார்ந்திருப்பான் என்ற சந்தேகம்.

அலுவலகத்தில் மேனேஜர் போனில் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ட்ரிப் ரத்து. சரவணன் வந்து எல்லாம் சொல்லிவிட்டானாம். அவனாகவா, மனைவி சொல்லியா, நான் போட்ட சத்தத்தாலா? தெரியவில்லை.

வாசல் பெஞ்சில் இருந்தான், ஆட்டோவுக்காக. சீருடையில் இல்லை.

"இப்பச் சந்தோசமாடா?"

"இல்ல. பைக்ல ஏறு, வீட்டுல விடுறேன்."

"நீ போ."

நான் போகவில்லை. இன்ஜினை ஓடவிட்டபடியே நின்றேன். வெகுநேரம் கழித்து எழுந்து வந்தான். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி சீட்டுக்கு அந்தப் பக்கம் போட்டான். என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாப் போ மாப்ள" என்றான்.