உப்புக் கேட்டு வருகிறவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்காவும் பச்சைக் குழந்தையும் சுகமா? 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதிப் பழகிய கை இன்று மக்கர் செய்கிறது. மழை தொடங்கிவிட்டது. உன் இடது மணிக்கட்டு வலிக்கும், தைலம் தடவிக்கொள்.

அண்ணிக்கு நீ போட்ட கடிதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும், உப்பு புளி என்று வரும் பெண்களுக்குக் கதவைத் திறக்காதே என்று எழுதியிருந்தாயாம். அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

போர் ஓய்ந்து ஆண்கள் திரும்பிய பிறகு, இந்தத் தெருவில் என்றைக்கு எந்த வீட்டில் அடி விழும் என்று சொல்ல முடிவதில்லை. முதலில் தட்டுகளைத் தட்டிச் சத்தம் எழுப்பினோம். குண்டு விழுகிறது என்று குழந்தைகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டன. காவல் நிலையத்திலோ, "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியுமா?" என்றார்கள். பிறகுதான் தையற்கடை அக்கா இந்த வழியைச் சொன்னாள். அலறல் கேட்டால், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டுவோம். அந்த வீட்டுக்காரியே வந்து தன் கையால் எதையாவது கொடுக்கும்வரை நகரமாட்டோம். வாசலில் இத்தனை பேர் நிற்கும்போது ஓங்கிய கை தானாக இறங்கிவிடும்.

ஒருமுறை அண்ணனே உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தத் தெருவுல எவ வீட்டுலயும் உப்பே கிடையாதா?" என்று கத்தினான். எதிர்வீட்டு அத்தைக்குத்தான் மெதுவாகப் பேச வராதே! "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குச் சொரணை வர நிறைய உப்பு தேவைப்படுதுப்பா. நீ போய் அவளை வரச் சொல்லு" என்றாள், தெருக்கோடிவரை கேட்கும்படி. அண்ணி வந்தாள். கொடுத்தாள். அன்றைக்கு அதோடு நின்றது.

போன செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையிலிருந்து வந்தேன். நம் வாசலில் ஐந்தாறு பெண்கள் நனைந்தபடி நின்றிருந்தார்கள். கிண்ணங்களில் மழைத்தண்ணீர். உள்ளேயிருந்து அண்ணி, "உப்பு இல்லை, போங்க" என்றாளாம். என் சாவியால் திறந்தேன். அண்ணன் பின்பக்கமாகப் போயிருந்தான். அண்ணி அடுப்படியில், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், "அத்தை வேணாம்னு எழுதியிருந்தாங்களே" என்கிறாள். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது, சொல்!

மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கேட்கிறவர்களிடம் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறாள். உன் மணிக்கட்டைப் பற்றிக் கேட்டால் நீயும் அதையேதான் சொல்வாய். நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு வாசற்படி, அம்மா.

தலைகீழாக நின்றும் அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. நீ எழுதினால் கேட்பாள். புத்திமதி எதுவும் வேண்டாம். கதவைத் திற என்று ஒரு வரி, உன் கையெழுத்தில், இந்த வாரமே.

உன் காலத்தில் உப்புக் கேட்டு யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தைலம் தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன்.

உன் இளைய மகள்