மாமா நீட்டிய பியர்

சனிக்கிழமை இரவு, ஜார்ஜ் டவுன்.

இன்று கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் என் தங்கை லதாவுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாட்டுக்குப் பிறகு மாமாக்களுக்குள் வாக்குவாதம் முற்றி, சின்ன மாமா நாற்காலியை எட்டி உதைத்தார். அந்தச் சத்தத்தில் என் கை நடுங்கத் தொடங்கியது. அப்பா குடித்துவிட்டு வந்து பாத்திரங்களை வீசும்போது, லதாவை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்த நாட்களின் நடுக்கம் அது.

பெரிய மாமா பியர் கிளாஸை நீட்டினார். "ஒன்னு போடுடா, சரியாயிடும் லா."

சரியாகிவிடும் என்று எனக்கும் தெரியும். இத்தனை வருடம் அப்படித்தான் குடித்தேன். பயந்து வளர்ந்த பிள்ளையின் மூளை பெரியவனான பிறகும் ஆபத்தை எதிர்பார்த்தபடியே இருக்கும், குடி அதைக் கொஞ்ச நேரம் மட்டுமே அடக்கும் என்று, குடியை விட உதவி கேட்டுப் போனபோது டாக்டர் சொல்லியிருந்தார்.

"வேணாம் மாமா. இது சின்ன வயசு பயம். கொஞ்ச நேரத்துல தானா போயிடும்" என்றேன், எல்லார் முன்னாலும்.

லதா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "நான் இருக்கேன்ணே." நடுக்கம் நிற்கும்வரை அவள் விடவில்லை. நின்றது! குடிக்காமலே நின்றது!

கடல் பாலம் தாண்டி, தீவிலுள்ள வீடு வரும்வரை காரில் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன். நாளைக்கு மறுபடியும் நடுங்கலாம். நடுங்கட்டும்.