வருத்தம் எப்ப தொடங்கினது

குஞ்சத்தான்,

இண்டைக்குக் காலமை மெரே வந்தவ. பிஸ்கட் ரின்னைத் திறக்க இஞ்சி வாசம் வீடு முழுக்க அடிச்சுது. வந்தவுடனே உங்கட படத்துக்கு முன்னால போய் நிண்டு, தன்ர மாவோரிப் பாசையில உங்களோட கனநேரம் கதைச்சா. என்னைச் சுகம் கேட்டது அதுக்குப் பிறகுதான்.

"அவர் போயிட்டார். இனி உங்கட கிட்னி வருத்த ஆராய்ச்சியில அவருக்கு என்ன வேலை?" எண்டன். எங்கட மகள் துளசிதான் ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்தவள். மெரே தலையாட்டினா. "அவர் வெளியில போகேல்லை. முன்னால நிக்கிற ஆக்களோட போய்ச் சேர்ந்திட்டார். அவரின்ர குரலில பதிஞ்ச கதையை வைச்சிருக்கிறதோ அழிக்கிறதோ எண்டு வீட்டாக்கள்தான் சொல்லவேணும்."

மெரேக்கு முதல் ஒருத்தர் கேள்வி கேட்டு நிரப்புற ஃபோமோட வந்தவர், ஞாபகமோ? நீங்கள் ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்திகரிக்கிற மெசினோட கிடக்கிறீங்கள். வருத்தம் எப்ப தொடங்கினது, குடும்பத்தில வேற ஆருக்கும் கிட்னி பழுதோ எண்டு கேட்டார். நீங்கள் வாய் திறக்க முதல் நான் "நோ, நோ" எண்டிட்டன். அவரும் கோடு போட்டுக்கொண்டு போயிட்டார்.

ரெயினில வரேக்க கேட்டீங்கள்: "என்னப்பா, என்ர அப்பு உடம்பு வீங்கிச் செத்தது மறந்து போச்சோ? உனக்கும் மாமாவெல்லோ!"

"பொம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு உந்தக் கதையெல்லாம் கதைக்கிறதோ? நாங்கள் இருக்கிற லிட்கம் முழுக்க எங்கட சனம்."

"ஏன், அந்த வெள்ளைக்காரன் கலியாணத் தரகரோ?"

எனக்குச் சிரிப்பு வரேல்லை. துளசிக்கு அப்பதான் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தம்.

பிறகு மெரே முதல்தரம் வீட்டுக்கு வந்த அண்டைக்கு ஃபோம் இல்லை. முதல் தன்ர மலை, தன்ர ஆறு, கிட்னி வருத்தத்தில போன தன்ர தாத்தா எண்டு தன்னைப் பற்றிச் சொன்னா. பிறகு, "உங்களுக்கு முன்னால நிக்கிற ஆக்கள் ஆர்?" எண்டு உங்களைக் கேட்டா. ஏன் பழசைக் கிண்டுறா எண்டு எனக்குக் கோபம். அதுக்கு அவ சொன்னா: "எங்கட சனத்துக்கு நடந்து முடிஞ்சதுதான் கண்ணுக்கு முன்னால நிக்கும். வரப்போறது முதுகுப் பக்கம், அதைக் காணேலாது. முன்னால நிக்கிறவையைப் பார்த்துப் பார்த்துத்தான் பின்பக்கமா அடி வைக்கிறம்."

அவ மணிக்கூட்டைப் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தா. பள்ளிக்கூடம் கூட்டுற வேலைக்கு எனக்கு நேரம் போகுது. ரெண்டு தரம் தேத்தண்ணி சூடாக்கிட்டன்.

பிறகு தொடங்கினீங்கள். அப்பாச்சி. அப்பு. கடைசியாப் பெரியக்கா. காய்ச்சலில போனவ எண்டு ஊருக்கெல்லாம் சொல்லி வைச்ச பெரியக்கா. ஒவ்வொருத்தரும் முந்தினவரை விட இளவயசில போயிருக்கினம். அக்கா போகேக்க முப்பத்தொண்டு எண்டு நீங்கள் சொன்ன இடத்தில, மொழிபெயர்த்துக்கொண்டிருந்த துளசி நிப்பாட்டிட்டாள். அவளுக்கு இருபத்தொன்பது.

மூண்டு நாள் நான் உங்களோட கதைக்கேல்லை. சாப்பாட்டை மேசையில வைச்சிட்டு அங்கால போயிடுவன். பிள்ளை ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பார்த்தாள். இருக்குதாம். ஆனா தொடக்கமாம், மருந்தோட கனகாலம் பிடிச்சு வைக்கலாமாம். அது தெரிய வர நீங்கள் இல்லை. மாப்பிள்ளையின்ர தாய்க்கு அவளே ஃபோன் எடுத்தாள்: "ஓம் அன்ரி, எனக்குக் கிட்னி ப்ராப்ளம். பிறகு தெரிஞ்சு கவலைப்படாதேங்கோ." அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தால சத்தமில்லை. அவளைப் பெண் பார்க்க ஆர் வருவினம் எண்டு தெரியாது. ஆனா பிள்ளை இருக்கிறாள்.

இப்ப ஆர் வந்து குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் நானே சொல்லுறன். அப்பாச்சி, மாமா, பெரியக்கா, பிறகு நீங்கள்.

அழிக்க வேண்டாம், வைச்சிருங்கோ எண்டு இண்டைக்கு மெரேக்குச் சொன்னன். அண்டைக்குப் பதிஞ்ச உங்கட குரலைப் போட்டுக் காட்டினா. அப்பு எண்டு சொல்லி முடிச்ச கையோட, குசினியில சட்டி மூடியொண்டு விழுந்த சத்தம் கேக்குது. விழேல்லை, நான்தான் ஓங்கி அடிச்சனான், நிப்பாட்டுங்கோ எண்டு. நீங்கள் கொஞ்சம் பொறுத்திட்டு, பெரியக்கா எண்டுறீங்கள்.

அத்தான், அந்தச் சத்தம் என்ன எண்டு விளங்கித்தானே சொன்னனீங்கள்?