சந்தேகத்தின் பலன்

1973 ஆகஸ்ட் 8, புதன்

நீதவான் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது பதுளைக் கோர்ட்டில் என் வேலை. இன்று ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து அழகரின் வழக்கு. தேயிலை ஸ்டோர் காவல்காரர். தேயிலைத்தூள் திருடினார் என்று குற்றச்சாட்டு. சாட்சிகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். "பெனிபிட் ஒப் த டவுட்" என்றார் நீதவான்.

"சந்தேகத்தின் பலன் உங்களுக்கு. நீங்க போகலாம்" என்றேன்.

அழகர் அசையவில்லை. "அப்ப நான் எடுக்கலைன்னு ஐயா சொல்லலையாங்க?"

விட்டாயிற்று, இன்னும் என்ன வேண்டும் இந்த மனிதருக்கு? எரிச்சலாக வந்தது.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

அழகரின் மனைவி பாக்கியலெட்சுமி கோர்ட்டு வாசலில் நின்றார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அழகரின் பேரைக் கூப்பிடுவதில்லையாம். பேர் இல்லையென்றால் வேலை இல்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் விடச் சொல்லியாயிற்று.

"கோட்டுலயே சந்தேகம்னுதான சொன்னாங்கன்னு தோட்டத்துத் தொரை கேக்குறாருங்க."

நான் என்ன செய்ய? வெறும் வாய்தானே நான்.

ஆகஸ்ட் 15

வீட்டில் மனைவி மர்லியாவிடம் சொன்னேன். "சந்தேகத்த அந்த மனிசன்ட தலையில வெச்சிட்டு, பலன எங்க வெச்சீங்க?" என்கிறாள்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

கிரிக்கெட். நான் அம்பயர். மட்டை பிடித்தவர் அதே தோட்டத்துத் துரை!

பந்து மட்டையில் உரசியதா, காற்சட்டையிலா? பின்னால் பந்தைப் பிடித்துவிட்டு அவுட் என்று கத்துகிறார்கள். சத்தம் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும். உள்ளுக்குள் சைத்தான் — தூக்கடா விரலை, பாறூக்!

தூக்கவில்லை. சந்தேகமென்றால் மட்டை பிடித்தவர் பக்கம்தான். ஆளைப் பிடிக்கவில்லை என்று சட்டம் மாறுமா? மனுஷன் அரைச்சதம் அடித்துவிட்டார்.

தேநீர் நேரத்தில் வந்து கை கொடுத்தார், நல்ல தீர்ப்பு என்று. எனக்கு இன்னும் சந்தேகம்தான் என்றேன். "ஆனாலும் உங்களை ஆட விட்டோம், சேர். ஓட்டமெல்லாம் உங்கள் பேரில்தான் இருக்கிறது. அழகர் மட்டும் ஏன் வெளியே நிற்கிறார்?"

கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாய்க்கொழுப்பு. என்னால் அழகருக்கு இன்னும் கெட்டதாகிவிடுமோ? பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 2, ஞாயிறு

ஹாலிஎலச் சந்தையில் அழகரைக் கண்டேன். பெரட்டில் பேர் வந்துவிட்டதாம். ஆனால் ஸ்டோருக்கு இல்லை, மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்ட. சாவி வேறொருவரிடம்.

மனவருத்தமா என்று கேட்டேன்.

"இல்லாமலாங்க? இருக்கு. சந்தேகம் தொரைகிட்டயே இருக்கட்டுங்க. காலையில எம்பேரச் சத்தமா கூப்புடுறாங்க. லயமே கேக்குது."