வெங்காயத்துக்கு அழாத கண்

12 ஆகஸ்ட் 1991, திங்கள்

இன்று ஒரு மூட்டை வெங்காயம். கேன்டீன் பின்பக்கம் நானும் லூர்தம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகி, முந்தானை ஈரமாகி, பார்க்கிறவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"உன்து கண்ணா, கோலிகுண்டாடி? வெங்காயமே உன்னப் பாத்து பயந்துகினு கீது" என்றாள்.

சூப்பர்வைசர் ரகுபதி எட்டிப் பார்த்து, இனிமேல் வெங்காயம் எல்லாம் கனகம்தான், லூர்து காய் நறுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே. சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஒத்தைக்கண்ணி, ஒத்தைக்கண்ணி என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, மிச்சமிருக்கிற கண்ணைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் கசக்குமா?

போன வருஷம்கூட நானும் அழுதுகொண்டுதான் உரித்தேன். பழகிவிட்டது போலிருக்கிறது.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. தண்டலம் போகும்போது வாங்க வேண்டும்.

3 செப்டம்பர், செவ்வாய்

வலது கண் சிவந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன், ஆமாம். அடுப்புப் புகையாக இருக்கும். வலி இல்லை, உறுத்தலும் இல்லை.

மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

5 செப்டம்பர், வியாழன்

லூர்து விடமாட்டேன் என்கிறாள். "டாக்டராண்ட காட்டுடி. ரத்தமா செவந்து கீது." வலித்தால் காட்டலாம். வலிக்கவே இல்லையே, என்னவென்று போய்ச் சொல்வது? சும்மா லீவு போட்டால் ரகுபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டு சரோஜா கைக்குழந்தைக்காரி. அவளிடம் கொஞ்சம் தாய்ப்பால் கேட்டுக் கண்ணில் விட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் கண்ணுக்கு எது வந்தாலும் முதலில் அதுதான். இமையில் ஈரம் பட்டது தெரிந்தது. கண்ணுக்குள் ஒன்றும் தெரியவில்லை. "விட்டியா இல்லியா?" என்று கேட்டேன். "கன்னத்துல வழியுது பாருக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

9 செப்டம்பர், திங்கள்

கருவிழியில் வெள்ளைப் புள்ளி. நொய் அளவுக்கு.

காலையில் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. முறம் முழுக்கப் பனி இறங்கிய மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், கண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தேன், பனி அப்படியே இருந்தது.

இந்த வெள்ளையை எனக்குத் தெரியும். புத்தி தெரிந்த நாளாகக் கண்ணாடியில் இடது பக்கம் பார்க்கிற வெள்ளை. இப்ப இந்தப் பக்கமும் வந்துடுச்சு. ஐயோ, இதுவும் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? வேற கண்ணு ஏது எனக்கு?

அப்பவும் வலிக்கலை. ஒரு பொட்டு வலி இல்லை.

10 செப்டம்பர், செவ்வாய்

பூந்தமல்லியில் பஸ் மாறி எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்தது கிடையாது.

டாக்டரம்மா சின்ன வயசு. பஞ்சைத் திரித்து நுனியை மெல்லிசாக்கி, "கண்ணுல தொடுவேன், பட்டதும் சொல்லுங்கம்மா" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது.

"எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டுக்கிட்டேதாம்மா இருக்கேன்."

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சிமிட்டக்கூட இல்லையாம்.

வேறு ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று கேட்டாள். வெங்காயம் உரித்தால் எனக்குக் கண்ணீர் வராது டாக்டர் என்றேன். பழக்கதோஷம், பெருமையாகத்தான் வாயில் வந்தது. அவள் எவ்வளவு நாளாக என்று கேட்டு, நோய்ச் சீட்டில் எழுதிக்கொண்டாள். நான் பெருமைப்பட்டது அத்தனையும் அந்தச் சீட்டில் நோயாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

"சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கால் மரத்துப்போகுது இல்ல, அதே மாதிரி கருவிழியும் மரத்துப்போகும். தூசி விழுந்தா வலிக்கணும், தண்ணி வரணும், கை தன்னால கண்ணுக்குப் போகணும். உங்களுக்கு எதுவும் நடக்கல. எதுவோ கீறி, புண்ணாகி, சீழ் வெச்சிருக்கு. சர்க்கரை ஏறிக் கிடக்கறதால ஆறவும் மாட்டேங்குது." தாய்ப்பாலைச் சொன்னபோது, "அதெல்லாம் விடவே கூடாதும்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பார்வை தங்குமா என்றேன். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் என்றாள்.

அட்மிட் செய்துவிட்டார்கள். ஊசி ஆரம்பித்தாயிற்று. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து.

13 செப்டம்பர், வெள்ளி

பக்கத்துக் கட்டிலில் மணிமங்கலத்துக்காரி ஒருத்தி. கண்ணில் நெல் தூசி குத்திவிட்டது. வலி தாங்காமல் ஓயாமல் முனகுகிறாள், நர்ஸைத் திட்டுகிறாள். குத்தின அன்றைக்கே ஓடிவந்துவிட்டாளாம். சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவாள் என்கிறார்கள்.

அவள் முனகலைக் கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. எனக்கு அப்படி ஒரு வலி வந்திருந்தால் நானும் ஓடிவந்திருப்பேனே. மாங்காட்டுத் தாயே, எல்லாரும் உன்கிட்ட வலி போகணும்னு கேக்கறாங்க. எனக்கு வலி குடும்மா. கத்தற மாதிரி குடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

14 செப்டம்பர்

வலி வரவில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

நேற்று வலது இமையைப் பாதி தைத்துவிட்டார்கள். மூடியிருந்தால்தான் புண் ஆறுமாம். மேலே கட்டு. இடது கண்ணில் ஜன்னல் இருக்கிற பக்கம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. விரலை வரியாக வைத்து எழுதுகிறேன். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதோ என்னவோ. எழுதவில்லை என்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

இனி இப்படித்தானா?

சோற்றை அவர் ஊட்டுகிறார். சுடுகிறதா, சுடுகிறதா என்று கேட்டுக்கொண்டே.

29 செப்டம்பர், ஞாயிறு

லூர்து வந்தாள். கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இங்க ஏதுடி வெங்காயம்?" என்று கேட்டேன். அடிக்க வருகிற மாதிரி என் தோளைப் பிடித்து, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

18 அக்டோபர், வெள்ளி

கட்டு அவிழ்த்தார்கள். டாக்டரம்மாவின் பொட்டு தெரிந்தது. நிறம் தெரியவில்லை.

18 நவம்பர், திங்கள்

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது. கீழ்ப்பாதி மங்கல், மேல்பாதி தேவலை. தலையைக் குனிந்து, மேல்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டேன். பெரிது பெரிதாக எழுதினால் என் எழுத்து எனக்குப் படிக்க வருகிறது.

உணர்ச்சி திரும்பாதாம். காலையும் மாலையும் கண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும், வலிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. எப்படிச் சோதிப்பது? அந்தக் கண்ணைப் பார்க்க அந்தக் கண்தானே இருக்கிறது.

இன்று கேன்டீனுக்குப் போனேன். எனக்குப் பருப்பு கழுவுகிற வேலை. லூர்து என்னை வெளியே இழுத்துப்போய், முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள்.

"அடிப்பாவி. மொளகா வெத ஒண்ணு ஒட்டிகினு கீது. எப்ப வுழுந்துது?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் வீட்டில் தாளித்தபோதா, பஸ்ஸிலா, எப்போது என்றே தெரியவில்லை. மிளகாய் விதையைக் கண்ணில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன். அவள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொண்டுவந்து, விதை வெளியே வரும் வரைக்கும் ஊற்றினாள்.

"நாளிக்கும் பாப்பேன். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதுக்கு முன்ன உன் வூட்டாண்ட வருவேன். தூங்கிகினு இருந்தாலும் எழுப்புவேன், ஆமா" என்றாள். அப்புறம் வெங்காய மூட்டை முன்னால் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர், "கண்ணு எப்டி கீது?" என்று கேட்டார்.

லூர்துவைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.